கடைசி வீட்டுத் தண்ணீர்

கோடை முடியப்போகிறது என்பதற்கு அந்தத் தெருவில் ஓர் அடையாளம் உண்டு. கண்ணாடிக்கடைக்காரர் கடைக்கு விடுமுறை விடுவார். ஆண்டு முழுக்க ஊராருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர், அன்று மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டத்தில் இறங்குவார். மழை பிடித்துக்கொண்டால் தக்காளி வெடித்துவிடும், மிளகாய் அழுகிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் பறித்தாக வேண்டும்.

இந்த வருடம் விளைச்சலுக்குக் குறைவே இல்லை. மற்ற வீட்டுச் செடிகள் வாடி வதங்கிக் கிடக்க, இவருடைய தோட்டம் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. கைராசி என்று தெரு சொன்னது. அவரும் மறுக்கவில்லை. குளியலறைக்குப் பின்னால் பழைய மெத்தையால் மூடி வைத்த மோட்டார் ஒன்று, தெருக்குழாயிலிருந்து நேரடியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அப்படி உறிஞ்சுவது குற்றம் என்பதும் தெரியும். ஊரில் யார்தான் வைக்கவில்லை என்ற சமாதானம் எப்போதும் கைவசம் இருந்தது.

அவர் வீட்டைத் தாண்டினால் அந்தக் குழாயில் மிச்சம் இருப்பது ஒரே வீடு. அங்கே ஒரு தையல்காரப் பெண், படுத்த படுக்கையாகிவிட்ட கணவனுடன் குடியிருந்தாள். கோடை முழுக்க அவள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. கணவனுக்கு உடம்பு துடைத்துவிடவும் துணி அலசவும் அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமந்தாள். குடிநீர் அலுவலகத்து ஆட்கள் வந்து தோண்டிப் பார்த்துவிட்டு, அடைப்பு எதுவும் இல்லை என்று மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். அவர்களைப் போன் போட்டு வரவழைத்தது யார் என்கிறீர்கள்? நம் கண்ணாடிக்கடைக்காரர்தான். அடுத்தவருக்கு உதவுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இனித் தாங்காது என்று அவள் வேறு வீடு பார்த்துவிட்டாள். அது ஊரின் மறுகோடியில் இருந்தது. அவளிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள். அங்கே போனால் பிழைப்பு என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அறுவடை நாளன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. முற்றத்தில் தக்காளி ஒரு குவியல், மிளகாய் ஒரு குவியல், வெள்ளரி ஒரு குவியல். தக்காளியைக் கழுவிக் கூழாகக் காய்ச்ச வேண்டும். வெள்ளரியை உப்புநீரில் ஊறவைக்க வேண்டும். பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுக்காவிட்டால் எல்லாமே பூசணம் பிடித்துவிடும். மாடித் தொட்டியோ காலி; தெருக்குழாய் நேராக மோட்டாருக்கே போவதால் கீழே பிடிக்கவும் வழியில்லை. மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்போதுதான் தையல்காரப் பெண் இரண்டு கையிலும் வாளியோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எங்க வீட்ல தண்ணி வந்துருச்சு. கரண்டு இல்லாம உங்க டேங்க்ல ஏறியிருக்காதே, இன்னைக்குப் பார்த்து உங்களுக்கு இவ்ளோ வேலை இருக்கேன்னு கொண்டாந்தேன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பறித்து முடித்த மிளகாய்ச் செடியில் குனிந்து மும்முரமாக மிளகாய் தேடினார்.

"நாளைக்கும் இப்படியே வந்தா வீட்டைக் காலி பண்ண வேண்டியதில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே அவள் வாளிகளை முற்றத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மனைவி காலி வாளிகளை வாங்கிக் கீழே வைத்தாள். "நாளைக்கு வராதும்மா. நாளைக்குக் கரண்டு வந்துரும்" என்றாள். பிறகு அவளே போய் மெத்தையை இழுத்துப் போட்டாள்.

தையல்காரப் பெண் மோட்டாரையும் முற்றத்துக் குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாரும் வைக்கிறார்களே, ஒரு மோட்டாரால் என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டதாகக் கண்ணாடிக்கடைக்காரர் முனகினார். அது அவர் காதுக்கே நன்றாக இல்லை. அவமானம் பிடுங்கித் தின்ன, ஸ்பானரை எடுத்துவந்து மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தார். கடைசித் திருகு கழலும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

மனைவி ஒரு கூடை நிறையத் தக்காளியை அள்ளி நீட்டினாள். அவள் வாங்கவில்லை. காலி வாளிகளை எடுத்துக்கொண்டாள்.

"காய் வேணாங்க்கா, தண்ணி வந்தாப் போதும்" என்றவள், அவர் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் எடுக்கிறாங்கன்னு நாமளும் எடுத்தா, கடைசி வீட்டுக்கு என்ன சார் மிஞ்சும்? பொதுத் தண்ணில உங்களுக்குக் கூடுதலா ஒரு குடம் வந்தா, அது இன்னொருத்தர் வீட்டுக்கு வராமப் போன குடம். யார் வீடுன்னு பார்க்காம எடுத்துட்டா, அது திருட்டு இல்லைன்னு ஆயிடாது சார்."