நூற்று நாற்பத்தேழு கையெழுத்துகளுக்கு மேலே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடிதம் எழுதாமல் தப்பிக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கடிதம் நான்கே வரி. நாளை திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டியது. கேட்டவர் என் அக்கா அம்சவல்லி. வெள்ளிக்கிழமையே கேட்டுவிட்டார். இன்று ஞாயிறு மத்தியானம். கடிதத்தில் ஓர் எழுத்துகூட விழவில்லை, கதைக்கு மட்டும் மூன்று ஆரம்பங்கள் கிடைத்துவிட்டன. எழுதுகிறவனை நம்பி யாரும் ஒரு காரியத்திலும் இறங்கக் கூடாது.

ஆரம்பம் ஒன்று: "காவிரியில் தண்ணீர் வந்து பத்து நாளாகியிருந்த ஒரு காலையில்..." தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் எவனும் இப்படித்தான் தொடங்குவான். அடித்துவிட்டேன்.

ஆரம்பம் இரண்டு: "ஜனநாயகம் என்பது..." பள்ளிக்கூட ஆண்டுமலர் வாசனை. அடித்துவிட்டேன்.

ஆரம்பம் மூன்று: "வாஞ்சிநாதன் அந்த நோட்டைத் திறந்தபோது அதில் கையெழுத்துகள் மட்டுமே இருந்தன." இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே குறை, இது பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

ஊருக்குப் பூவனங்குடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருவாரூர் சாலையில் எங்கேயோ இருக்கிறது. பக்கத்து நகராட்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியராகச் சம்பளம் வாங்குகிறேன்.

பூவனங்குடி ஒரே ஊராட்சிதான், ஆனால் அதற்குள் இரண்டு ஊர்கள். வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். அக்கா அங்கே இருக்கிறார். இந்தப் பக்கம் பர்வதம் நகர். ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், அப்புறம் நான். நகர் இருக்கும் இடம் முன்பு பெரிய பண்ணை வயல். கூலி நெல்லில் அரை மரக்கால் கூடக் கேட்டதற்காக என் அப்பா அந்த வயல் வரப்பில்தான் அடி வாங்கினார். கொடி பிடித்தார், இரண்டு மாதம் உள்ளே இருந்தார். பண்ணை வீட்டுப் பேரன் வாஞ்சிநாதன் பின்னாளில் அந்த வயலை மனைபோட்டு, தன் அம்மா பெயரை வைத்து விற்றார். அப்பா சேற்றில் நின்ற இடத்திலேயே மனை வாங்கி மாடிவீடு கட்டினேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன்.

(தேர்தல் வந்தால் வேடிக்கையாக இருக்கும். மைக் கட்டிய ஆட்டோ நகருக்குள் வரும்போது "நகராட்சியோடு இணைப்போம், பாதாளச் சாக்கடை தருவோம்" என்று கத்தும். மதகு தாண்டியதும் நிறுத்தி, வேறு பதிவைப் போட்டு, "இணைக்க விடமாட்டோம்" என்று கத்தும். இரண்டு பெரிய கட்சிகளும் இப்படித்தான். சில நாள் ஒரே ஆட்டோதான்.)

நகராட்சியோடு இணைந்தால் எங்களுக்குச் சாக்கடை வரும், தார் ரோடு வரும், மனை விலை ஏறும். பழைய ஊருக்கு நூறு நாள் வேலை போய்விடும். அது கிராமத்துக்கு மட்டும் உள்ள திட்டம். நடவுக்கு மிஷின் வந்தாயிற்று, அறுப்புக்கு மிஷின் வந்தாயிற்று. அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஐம்பத்தெட்டு வயதில் அக்காவுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை அந்த நூறு நாள்தான். அதுவும் முழுசாக நூறு கிடைப்பதில்லை. இந்தக் கதையில் பறிபோக இருப்பது அதுதான், வேறொன்றுமில்லை.

3

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராமசபை நோட்டில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு.

மோசடி என்று நினைக்காதீர்கள், வெறும் வழக்கம். பெண்கள் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். அதிகாரி பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை வெயிலில் யார் உட்காருவது? ஊராட்சிச் செயலர் ஐயாவு பக்கத்தின் மேல்பாதியை வெற்றாக விட்டுவிட்டு, கீழே வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். தீர்மானம் சாவகாசமாக எழுதப்படும். தெருவிளக்குக்கும் இப்படித்தான், சுடுகாட்டுப் பாதைக்கும் இப்படித்தான். இருபது வருஷமாக யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, அதனால் யாரும் கேட்டதுமில்லை.

இந்த மே முதல் தேதி கிராமசபையில் நூற்று நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். (தொழிலாளர் தினம். நானாக வைத்திருந்தால் மட்டமான கற்பனை என்பீர்கள்.) கையெழுத்துப் போட்டால் அன்றைய நாள் வேலைக்கணக்கில் ஏறும் என்று ஒரு பேச்சு. அதனால் வந்தவர்கள் எல்லாரும் நூறு நாள் வேலைக்காரர்கள். பர்வதம் நகரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. விடுமுறை நாளில் யார் வெயிலில் வருவார்கள்? தொலைக்காட்சியில் புதுப்படம்.

மேலே வெற்றாக இருந்த பாதியில் பிறகு எழுதப்பட்டது இது: "பூவனங்குடி ஊராட்சியை நகராட்சியோடு இணைத்துக்கொள்ள இக்கிராமசபை ஏகமனதாகச் சம்மதிக்கிறது."

வேலையை இழக்கப்போகிறவர்கள் போட்ட கையெழுத்தின் மேலேயே அந்த வேலை பறிபோயிற்று. ஆட்சேபம் சொல்ல அவர்கள் போன வெள்ளிக்கிழமை கலெக்டர் அலுவலகம் போனபோது, "நீங்களே சம்மதிச்சு எழுதியிருக்கீங்களேம்மா" என்று ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

4

வாஞ்சிநாதனுக்கு வருகிறேன்.

என் மூன்றாவது ஆரம்பத்தின்படி அந்தத் தீர்மானத்தை எழுதியவர் அவர். பொருத்தமான ஆள். பழைய பண்ணை, சென்னையில் வாசம், மனை விற்ற காசு. வாசகர் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார். இரண்டு பக்கம் பறந்தது. அவருக்குத் தங்க பிரேம் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். எழுதிய சந்தோஷத்தில் அக்காவுக்கு போன் போட்டுப் படித்துக் காட்டினேன். கதையைக் கேட்டால் கடிதத்தை மறந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

"யாருடா அது? பண்ண வீட்டுப் பேரனா?"

"ஆமாக்கா. கதைக்காக."

"அவரு மெட்ராசு போயி முப்பது வருசமாச்சேடா. கும்பாபிஷேகத்துக்கே வரல. அவரு எப்ப வந்து நம்ம நோட்ட தொறந்தாரு?"

"கதையில அப்படி வச்சிருக்கேன்க்கா."

"எழுதுனது நீ. அவரு தலையில ஏண்டா கட்டுற?"

போனை வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

5

சரி. எழுதியது நான்தான்.

மே மூன்றாம் தேதி சாயங்காலம் ஐயாவு நோட்டோடு வந்தார். "சார், நம்ம நகர் சங்கத்துல எல்லாரும் கேக்குறாங்க. மேலயும் கேக்குறாங்க. நீங்க நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்தா எடுப்பா இருக்கும்" என்றார். நல்ல தமிழ் என்றால் எனக்கு ஒரு பலவீனம். காபி கொடுத்து உட்காரவைத்தேன். போன ஐப்பசி மழையில் என் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி பொங்கி வாசல் வரை வந்தது, அதுவும் மனதில் இருந்தது.

நோட்டைத் திறந்ததும் மூன்றாவது வரிசையில் அக்காவின் கையெழுத்து. பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் இந்தக் கதை கொஞ்சம் வசதியாகப் போகும், ஆனால் பார்த்தேன். 'எப்படியும் இணைக்கத்தான் போகிறார்கள், நம் எழுத்தினால் என்ன ஆகிவிடப்போகிறது' என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். 'ஏகமனதாக' என்று நானாகச் சேர்த்தேன். ஐயாவு கேட்கவில்லை. அந்த இடத்தில் அது இருந்தால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும் என்று தோன்றியது. த்தூ.

வெள்ளிக்கிழமை ஜெராக்ஸைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என் எழுத்து அவருக்குத் தெரியாதா? பஸ் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். "நாங்க போடறப்ப அதுல ஒண்ணும் எழுதலன்னு நீ எழுதிக் குடுடா. நாங்க சொன்னா நம்பல. வாத்தியார் சொன்னா நம்புவாங்க" என்றார். அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்? அரசு ஊழியன் ஊராட்சி நோட்டில் கைவைத்ததற்கு மெமோ வரும். பதினேழு பி விதியில் ஒழுங்கு நடவடிக்கை, வேலையே போகலாம். நகர் சங்கச் செயலர் சிவசங்கரன் சார் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரமாட்டார். சாக்கடை வராது. இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில்

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். தட்டு என்று ஆரம்பித்தாலே பொய் சொல்லப்போகிறேன் என்று அர்த்தம்.)

6

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அ. கலெக்டர் தீர்மானத்தை ரத்து செய்கிறார். பெண்கள் லோடு ஆட்டோவில் பாடிக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல். சினிமா.

ஆ. ஊர் நகரமாகிறது. பாதாளச் சாக்கடை மதகு வரை வந்து நிற்கிறது, மதகைத் தாண்டவில்லை. அக்கா சிவசங்கரன் சார் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறார். தினமும் காலை என் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். தலையைத் திருப்பாமல் போகிறார். இதை எழுதும்போது அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

இ. தேர்தல் வருகிறது. நகர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், இரண்டு கட்சிக்காரர்களும் மதகில் நின்று

இதுவும் வேண்டாம். மூன்றிலும் நான் ஒன்றும் செய்யவில்லை, கவனித்தீர்களா?

7

திங்கள் காலை ஏழு நாற்பது. இதை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோடு ஆட்டோவில் பதினோரு பெண்கள். அக்கா மட்டும் இறங்கி வந்தார். நான் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். ஒரு வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, மேலே வெற்றாக விட்டு, அவரிடம் நீட்டினேன். "மேல நீ என்ன வேணாலும் எழுதிக்கக்கா" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி எனக்குள் ஒரு பூரிப்பு. கதைக்கு எவ்வளவு அழகான முடிவு.

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். "வெத்துத் தாளா? வேணாம்டா. இதுலதான நாங்க மாட்டுனோம்" என்று நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். "எழுதிட்டுப் போடு."

சுற்றுச்சுவர் மேல் தாளை வைத்து எழுதினேன். மூன்று வரி. மே முதல் தேதித் தீர்மானத்தை எழுதியவன் நான். நான் எழுதியபோது கையெழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. போட்டவர்களுக்கு அதில் என்ன எழுதப்படும் என்று தெரியாது.

அக்கா வாங்கி, எழுத்துக் கூட்டி, ஆட்டோவில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய சிவசங்கரன் சார் நின்றுவிட்டார். படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார் அக்கா.

"இன்னொரு வரி இருக்கு."

"என்னக்கா?"

"அவங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்க. உனக்குத் தெரியும்ல?"

எழுதினேன். 'அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.' அதையும் அவர் சத்தமாகப் படித்தார்.

"இப்ப போடு."

சிவசங்கரன் சார் என்னையே பார்க்கிறார். "சார், கொஞ்சம் யோசிச்சு செய்யுங்க" என்கிறார். டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

"இன்னும் என்னடா எழுதிக்கிட்டிருக்க?"

"கதைக்கா. முடிவு வரல."

"அத அப்பறம் பாத்துக்கலாம்."

என்னிடம் இருப்பது ஒரே பேனா. அது இந்த வரியில் இருக்கும்வரை அந்தத் தாளில் இருக்க முடியாது. நீங்கள் படிக்கிறீர்கள் என்று நான் எழுதிக்கொண்டே போகலாம், இன்னும் பத்துப் பக்கம்கூட என்னால் முடியும், என்னை எனக்குத் தெரியும். அதனால் நீங்களாவது இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.