கறுப்பாகத் தெரிந்த இடம்

மொக்கையன் சிறிய இரும்பு உரலில் வெற்றிலையும் பாக்கும் இடித்துக்கொண்டிருந்தார், குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த மனைவி சோலையம்மாளின் வாயில் வைப்பதற்கு. செத்தவர் வாயில் அப்படி வைப்பது அவர்கள் வழக்கம். அந்தச் சத்தம் மகள் முத்துத்தாயின் மண்டைக்குள் இறங்கியது. அம்மாவைத் தின்று தீர்த்ததையே கட்டுச்சோறாகக் கொடுத்தனுப்புகிற மனுஷனை என்ன செய்வது? பெற்ற அப்பனாகப் போய்விட்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் பழங்காநத்தம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்புற்று இருக்கிறதா என்று பார்க்க இலவச முகாம் போட்டார்கள். அம்மாவை முத்துத்தாய்தான் இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவும் கூட வந்தார். இருட்டறையில் ஒரு டாக்டரம்மா வாய்க்குள் நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். நல்ல சதை பச்சையாக மினுங்கும், கெட ஆரம்பித்த சதை கறுப்பாகத் தெரியும் என்றாள். வலது கன்னத்தின் உள்ளே மிளகளவுக்குக் கறுப்பு. இப்போதே துணுக்கு வெட்டிச் சோதித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

மொக்கையன் சிரித்தார். "வெத்தலைக் கறைம்மா அது. கறைக்குப் போயி சதைய அறுப்பாகளா?"

வீட்டுக்கு வந்ததும் உப்பும் சாம்பலும் வைத்து அவரே தேய்த்துவிட்டார். கொஞ்ச நாளில் அங்கே புண் வந்தது. அப்போதும் சாயங்காலமானால் புகையிலை கிள்ளி வைத்து மடித்துக் கொடுத்தார். ஆசையாகத்தான் கொடுத்தார். அந்த ஆசையை நினைத்தால்தான் முத்துத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடித்ததை உருட்டி எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

"வைக்கக் கூடாது."

"வழக்கம்தான தாயி. உங்காத்தாளுக்கு இதுன்னா உசுரு."

"வெளிச்சம் போட்டுக் காட்டுனாகள்ல. கண்ணால பாத்துட்டுத்தான கறைன்னீங்க? எங்கம்மா வாயில இனி ஒரு இணுக்கு வெத்தல போகக் கூடாது."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். மொக்கையனின் அண்ணன் சிவனாண்டி, பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டு ஆங்காரம் ஆகாது என்று முனகினார். அவள் நகரவில்லை.

மொக்கையன் உருண்டையை வாசல் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து வாய்க்கரிசியை அள்ளினார். அதை அவள் தடுக்கவில்லை.

அரிசி உதட்டுக்குள் போனது. கன்னத்தில் அடைத்திருந்த பஞ்சு நெகிழ்ந்துவிட, புண் அரித்த ஓட்டை வழியாக அரிசி தலையணையில் உதிர்ந்தது. மறுபடி போட்டார். மறுபடி உதிர்ந்தது. பிறகு இடது உள்ளங்கையை அந்தக் கன்னத்துக்குக் கீழே ஏந்திக்கொண்டு போட்டார்.

முத்துத்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள்.