முப்பது வருஷத் தரை

1
இந்தக் கதை எனக்கு ஒரு டைல்ஸ் கடையில் கிடைத்தது. கிடைத்தது என்பது பொய். அக்காவிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டேன். படித்தால் என்ன சொல்வாளோ என்ற பதைப்போடுதான் எழுதுகிறேன்.

'தரையும் தாம்பத்தியமும் ஒன்று, இரண்டிலும்...' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

2
கடைக்குப் போனது அக்கா, அத்தான், நான். கடைக்காரர் சாம்பிள் ஒன்றைச் சாவியால் கீறினார். அதன்மேலேயே தன் டீயை ஊற்றித் துடைத்தார்.

"பாத்தீங்களா? கீறலும் இல்ல, கறையும் இல்ல. முப்பது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்."

அத்தான் முகம் மலர்ந்தது. "இதுதான் வேணும். போட்டோமா, மறந்தோமான்னு இருக்கணும்."

"எனக்கு முப்பது வருஷம் வேண்டாம்," என்றாள் அக்கா.

"விலை குறைஞ்சதும் இருக்கும்மா," என்றார் கடைக்காரர்.

"நான் தரையைச் சொல்லல."

கடைக்காரர் கோப்பையோடு நழுவிவிட்டார். அத்தான் அந்த டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், பதில் அங்கே அச்சாகியிருப்பதுபோல. அன்றைக்கே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

3
(இங்கே அத்தானைக் கத்தவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். உங்களுக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. இருபத்திரண்டு வருடமாக வீட்டுக்கு எதை வாங்கினாலும் நல்லதாகத்தான் வாங்கினார். எதையும் அக்காவைக் கேட்டு வாங்கவில்லை. அவ்வளவுதான் குற்றம். அவ்வளவுதானா? அடைப்புக்குறியை மூட மனம் வரவில்லை.

4
பத்தாம் நாள் அத்தான் வந்தார். கையில் நான்கு சாம்பிள்கள், செய்தித்தாளில் சுற்றி. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மேஸ்திரி பழைய தரையைப் பேத்துட்டார். நீ சொல்லாம எதையும் ஒட்ட வேண்டாம்னுட்டேன்."

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"

"ஆமா," என்றார். [ஒரு சமாதானம் சொல்வார் என்று நினைத்து வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். வீண்.]

அக்கா ஒன்றை வாங்கிக் கீழே வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். வெறுங்காலால் அழுத்திப் பார்த்தாள்.

"வழுக்குது."

அடுத்தது. அதற்கடுத்தது. நான்காவதிலும் கால் நிற்கவில்லை.

"அப்ப வேற பாக்கலாம்," என்றார் அத்தான்.

5
இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவள் பையை எடுத்துக்கொண்டு அவரோடு... இன்னொன்றில் கதவை மெல்ல... இரண்டுமே என் அவசரம்.

"பாக்கலாம்னா, யாரு?" என்று கேட்டாள் அக்கா.

அத்தான் வாயைத் திறந்தார். 'பாக்கலாம்' என்ற சொல்லை எழுவாய் இல்லாமலே சொல்லிவிடலாம், நம் மொழி அதற்கு இடம் தரும். அவர் அப்படியே இத்தனை காலம் ஓட்டிவிட்டார். நானும் போட்டுத்தர மாட்டேன். ஈரக்காலோடு அவள் காத்திருக்கிறாள். எழுவாயை நீங்கள் போடுங்கள்.