பரிசு வாங்கிய லூன்

காலையில் தன் தூண்டில் கடையைத் திறந்து, மண்புழு டப்பாக்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் வெர்னா காலியோ. ஏரிச் சங்கத் தலைவர் டுவேன் ஹாக்லண்ட் உள்ளே வந்தார். சட்டையில் லூன் என்னும் நீர்ப்பறவை, தொப்பியில் லூன், கையிலிருந்த காப்பிக் குவளையிலும் அதே பறவை. மினசோட்டாவின் வடகோடியில் இருந்த அந்த ஏரியில் லூன்மேல் தன்னைவிடப் பிரியம் கொண்டவன் எவனுமில்லை என்பார் டுவேன். உயிருள்ள லூன் ஒன்றை அவர் கடைசியாக நின்று பார்த்தது எப்போது என்று கேட்டால் விழிப்பார்.

"வெர்னா, ஜூலை நாலு சுதந்திர தினப் படகு ஊர்வலம் இந்தத் தடவை கோரைக் குடா வழியா போகுது. அங்க நீ கட்டி வச்சிருக்கிற மிதவையை எல்லாம் எடுத்துடு."

லூன் கூட்டைச் சுற்றிப் படகுகள் வராமல் மிதவை கட்டுவது வெர்னாவின் வேலை. சம்பளமில்லாத வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறாள்.

"அங்க முட்டை இருக்கு டுவேன். மே மாசம் வச்சதை ரக்கூன் தின்னுட்டுது. மறுபடி ரெண்டு வச்சு, ஆணும் பெண்ணுமா மாத்தி மாத்தி அடை காக்குதுங்க. இந்த வாரம் பொரிச்சிடும்."

"அரை மணி நேரம் தள்ளிப் போய் உட்கார்ந்தா என்ன கெட்டுப் போச்சு?"

"எங்க போய் உட்காரும்? காலு உடம்போட பின்கோடியில இருக்கு, தரையில நடக்கவே வராது. வயித்தால தேச்சுக்கிட்டுத்தான் ஏறும். அதனாலதான் தண்ணி ஓரத்துலேயே கூடு. சாண் உயரம்கூட இல்ல. பெரிய படகு ஒண்ணு வேகமாப் போனாப் போதும், அலையோட போயிடும்."

"எனக்கே லூன் பாடம் நடத்துறியா?" என்று டுவேன் சிரித்தார். கதவருகே போய்த் திரும்பினார். "ஊர்வலத்துக்கு வர்றவங்கதான் உன் கடையில தூண்டில் வாங்குறவங்க. யோசிச்சுக்க."

வெர்னா யோசித்தாள். நாலாம் தேதி காலை, சின்னப் படகைத் துடுப்புப் போட்டு ஓட்டிப்போய் மிதவைகளை அவிழ்த்தாள். கூட்டிலிருந்த பறவை கழுத்தைத் தரையோடு தாழ்த்திப் பதுங்கியது. அதன் சிவந்த கண்ணை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. 'த்தூ, நீயும் ஒரு காவலாளி' என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டு திரும்பினாள்.

மதியம் இருபது படகுகள் குடாவுக்குள் நுழைந்தன. முன்னால் டுவேனின் படகு. அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்குப் பிளைவுட்டில் செய்த லூன். கண்ணுக்குச் சிவப்பு பல்பு. ஒலிபெருக்கியில் ஆண் லூனின் கூவல். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்த நிஜப் பறவை, கூட்டை விட்டுத் தண்ணீருக்குள் சரிந்தது. இறக்கையை விரித்து, தண்ணீர்மேல் நிமிர்ந்து நின்று துடித்தது.

"ஐயோ பாருங்க, நமக்காக டான்ஸ் ஆடுது!" என்று கத்தி, கைபேசியில் படமெடுத்தார்கள். பயத்தில் பதறும் தகப்பனைப் பார்த்துக் கைதட்டிய கூட்டம் அது. அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் ஏறின.

எல்லாரும் போனபின் வெர்னா அங்கே போனாள். ஒரு முட்டையைக் காணவில்லை. இன்னொன்று கோரைக்கு நடுவே தண்ணீரில் கிடந்தது. ஓட்டில் சிறு ஓட்டை. அதில் ஒரு அலகு நுனி, அசைவில்லாமல். சற்றுத் தள்ளி, தாய்ப் பறவையோ தகப்பன் பறவையோ, ஒன்று தவழ்ந்து ஏறி, ஈரமான வெறும் கூட்டில் உட்கார்ந்து அடை காக்கத் தொடங்கியது.

ஊர்வலம் முடிந்து எல்லாரும் கூடிய பூங்காவில் தொத்திறைச்சி வாட்டும் புகை. சிறந்த படகுக்கான பரிசு பிளைவுட் லூனுக்கு. "பரிசை நம்ம லூன் காவலாளி வெர்னா கையால வாங்கிக்கிறேன்!" என்று டுவேன் ஒலிவாங்கியில் அறிவித்தார்.

வெர்னா மேடையேறி, கைக்குட்டையைப் பிரித்து, முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"உங்க பரிசு. நல்லாப் பாருங்க, மூக்கு வெளிய வந்திருக்கு."

கைதட்டல் நின்றது. டுவேனின் முகம் வெளுத்தது. "நான் என்ன வேணும்னா செஞ்சேன்?" என்று முணுமுணுத்தவர், முட்டையை வாங்கிக்கொள்ள யாராவது வருவார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.

"நான் சொல்லியும் செஞ்சீங்க. நானும் யோக்கியம் இல்ல. வியாபாரம் போயிடுமேன்னு, தெரிஞ்சே மிதவையை அவுத்தேன். இனிமே அவுக்க மாட்டேன். அதுக்காகக் கடைக்கு வராதவங்க வராமலே போகட்டும்" என்றாள் வெர்னா. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "ஒரு உயிர் மேல பிரியம் இருந்தா, அது குஞ்சு பொரிக்கிற இடத்தை விட்டு ஒதுங்கி நிக்கணும். அந்த ஒண்ணைச் செய்யத் துப்பில்லாதவங்க, பிரியம்ங்கிற பேச்சையே எடுக்காதீங்க!"