இடக்கையன் குழி

சட்டையின் இடது கை ஏறவில்லை. நூரிஸ் தம்பியின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். விறைத்துப்போன கை மடங்க மறுத்தது.

"முதுகுப் பக்கம் கிழிச்சுடு," என்று அம்மா தொமாசா கத்தரிக்கோலை நீட்டினாள். "படுத்துக் கிடக்கிறவன் முதுகை யாரு பார்க்கப் போறா?"

கரும்பு ஏற்றிய வண்டி நேற்று மத்தியானம் எடைமேடைத் திருப்பத்தில் குடை சாய்ந்தது. அன்செல்மோ அடியில் மாட்டிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. மேலே ஒரு கீறல்கூட இல்லை. இருபத்திரண்டு வயது முகம் அப்படியே இருந்தது.

நூரிஸ் சட்டையின் முதுகைக் கிழித்து இரண்டு பாதியாக்கி, முன்பக்கமிருந்து போர்த்திவிட்டு, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகினாள். அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வெட்டுக்கத்தி பிடித்த காய்ப்பு உள்ளங்கையில். பந்தின் தையல் உரசிய காய்ப்பு இரண்டு விரல் நுனியில். எந்தக் காய்ப்பு எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

சபினோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். பையன்களுக்குப் பேஸ்பால் பந்து எறியப் பழக்கி அமெரிக்கக் கிளப்புகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். அவன் கையில் பழைய தோல் கையுறை ஒன்று இருந்தது.

"உங்கண்ணன் கிளப்புலேருந்து மலர்வளையம் வருது," என்றான். "எடுத்துக்கிட்டு வர்றது யாரு தெரியுமா? எவரிஸ்தோ. அந்தப் பழைய ஆளேதான். இப்போ நம்ம கிளப்புல சேர்ந்துட்டான்."

"வரட்டும்," என்றாள் நூரிஸ்.

"வரட்டும்னா? அவன் வரும்போது பெட்டிக்குள்ள இருக்கிறது லியோன்சியோ. அன்செல்மோ அமெரிக்காவுல பந்து எறிஞ்சுக்கிட்டு இருக்கான். புரியுதா?"

புரியாமல் என்ன? கரும்புத் தோட்ட லயத்தில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் லியோன்சியோவுக்கு இருபது வயது. வலக்கைக்காரன். பந்து நல்ல வேகத்தில் போகும். அப்போது வேறொரு கிளப்புக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்த எவரிஸ்தோ வந்து பார்த்துவிட்டு, "பழுத்துட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனார். அவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயதில் வேண்டும். சபினோ ஒரு வழி கண்டுபிடித்தான். தம்பி அன்செல்மோவுக்குப் பதினாறு. அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு அண்ணன் போய் இன்னொரு கிளப்பின் முன்னால் நின்றான். பதினாறு வயசுல இந்த வேகமா என்று அவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அன்றையிலிருந்து அமெரிக்காவில் லியோன்சியோவின் பெயர் அன்செல்மோ. சின்ன லீக்கில் அடிமட்டத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் பேருந்தில் அலைந்து, ஒவ்வொரு படியாக ஏறினான். இன்னும் ஒரு படி ஏறினால் பெரிய லீக்கின் வாசல்.

"ரெண்டே வருஷம்டா," என்று கிளம்பும்போது தம்பியின் தோளில் கை போட்டுச் சொன்னான். "மேல போனதும் உன் பேரை உன் கையிலேயே குடுத்துடறேன்."

"அழுக்காக்காம கொண்டு வாண்ணா," என்று அன்செல்மோ சிரித்தான்.

அன்செல்மோ இடக்கையன். அண்ணனைவிடக் கெட்டிக்காரன். இடக்கையன் என்றால் கிளப்புகள் தேடிக்கொண்டு வரும். இவனையும் தேடி வந்தன. சொந்தப் பெயரைச் சொல்ல முடியாது, அது ஏற்கெனவே அமெரிக்காவில் பந்து எறிந்துகொண்டிருந்தது. அண்ணன் பெயரைச் சொன்னால் வயது நாலு கூடி, இவனும் பழுத்துவிடுவான். "பொறுடா, அண்ணன் மேல போகட்டும்" என்றான் சபினோ. அன்செல்மோ பொறுத்தான். பகலில் கரும்பு வெட்டினான், வண்டியில் ஏற்றினான். சாயங்காலம் மைதானத்தில் பந்து எறியும் மேட்டில் தனியாக ஏறி நின்று, எதிரே சாத்தி வைத்த தகரத்தில் பந்தை எறிந்தான். தகரம் அதிர்வது லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். "இடக்கையன் வேலையை ஆரம்பிச்சுட்டான், உலையை வை" என்று பெண்கள் சொல்வார்கள். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடக்கையன்தான்.

"இன்னிக்கு ஒருத்தர் வாயிலயும் அந்த வார்த்தை வரக்கூடாது," என்றான் சபினோ. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எவரிஸ்தோவுக்கு மூஞ்சி மறந்தாலும் கை மறக்காது. லியோன்சியோ வலக்கைன்னு அவனுக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே குனிந்தான். பந்து எறிகிற கைக்கு உறை கிடையாது, பிடிக்கிற கைக்குத்தான். வலக்கைக்காரனின் கையுறை இடது கைக்குப் போகும். சபினோ அன்செல்மோவின் இடது கையை எடுத்து, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக லியோன்சியோவின் பழைய உறைக்குள் திணித்தான்.

நூரிஸ் அம்மாவைப் பார்த்தாள். தொமாசா கத்தரிக்கோலைப் பாவாடை ஓரத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் கறை ஒன்றும் இல்லை.

"நான் அண்ணன்கிட்ட பேசறேன்," என்று நூரிஸ் எழுந்தாள்.

வெளியே வேப்பமர நிழலில் ஆண்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையில் லியோன்சியோ அனுப்பிய கிளப் தொப்பி.

"கழட்டுடா அதை," என்றான் எதிரே இருந்தவன். "செத்தவன் அனுப்பின தொப்பி."

"செத்தவன் போன மாசம்தானே அனுப்பினான்!"

"அதான் சொல்றேன், கழட்டு. சபினோ பார்த்தா தொப்பிக்கும் கமிஷன் கேட்பான்."

சிரிப்பு எழுந்து, நூரிஸைக் கண்டதும் அடங்கியது. தொப்பிக்காரன் தொப்பியைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கடையில் தொலைபேசி இருந்தது. இரண்டு தடவை மணி அடித்த பிறகு லியோன்சியோ எடுத்தான்.

"நூரிஸ்? அம்மா சாப்பிட்டாங்களா?"

"அண்ணா, நீ வந்துடு. சபினோ என்னென்னமோ பண்றான். ஆஸ்பத்திரியில உன் பேரை எழுதி வெச்சிருக்கான். ஃபெர்மினாக்காவை உன் பேர் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்றான். நீ ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவான்."

"நூரிஸ், கேளு. அடுத்த வாரம் என்னை மேல் படிக்குக் கூப்பிடறாங்க. இந்த நேரத்துல யாராவது வந்து நோண்டினா ஆறு வருஷமும் மண்ணாப் போயிடும்."

"அவனை அவன் பேர்ல புதைக்கணும்ணா. வேற ஒண்ணும் கேக்கல."

"அவன் பேர்ல புதைச்சா நான் யாரு?"

நூரிஸ் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சபினோவைத் திட்டாதே," என்றான் லியோன்சியோ. "ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினான். என் பேரை எழுதுன்னு நான்தான் சொன்னேன்."

"எப்ப?"

"அதான், உள்ள கொண்டு போகும்போது."

"அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சு."

யாரோ ஆங்கிலத்தில் சத்தம் போட்டுச் சிரிப்பது தொலைவில் கேட்டது.

நூரிஸுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நர்ஸ் அவன் கன்னத்தைத் தட்டி, "லியோன்சியோ! லியோன்சியோ, இங்க பாரு! கண்ணைத் திற!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவசரத்தில் பெயரை மாற்றிச் சொல்கிறாள் என்று நூரிஸ் நினைத்தாள். அவன் திறக்கவில்லை. அவனை யாரும் கூப்பிடவே இல்லை. கடைசியில் அவளே குனிந்து, "டேய் இடக்கையா" என்றபோது இமை ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான்.

"இங்க எல்லாரும் என்கிட்ட ரொம்ப அன்பா இருக்காங்க," என்று லியோன்சியோ சொல்லிக்கொண்டிருந்தான். குரல் உடைந்திருந்தது, பொய்யாக அல்ல. "அண்ணன் செத்துட்டான்னு சொன்னேன். டீம் மொத்தமும் தொப்பியில கறுப்புப் பட்டை ஒட்டியிருக்காங்க. லியோன்சியோன்னு பேர் எழுதி. ராத்திரி ஆட்டத்துல நான்தான் எறியறேன். அவனுக்காகத்தான் எறியறேன் நூரிஸ்."

அவள் போனை வைத்தாள். கடைக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சாமான் அடுக்கினார்.

வீட்டில் ஜெபக்காரி ஃபெர்மினா கையில் ஜெபமாலையுடன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கிறவனை செத்தவங்க ஜெபத்துல கூப்பிட மாட்டேன் தொமாசா. கூப்பிட்டா அது அவனை இழுத்துடும். இவனுக்கும் போய்ச் சேராது. ரெண்டு பிள்ளையும் நடுரோட்டுல நிக்கும்."

தொமாசாவின் முகம் வெளுத்தது. இதை அவள் யோசிக்கவில்லை. ஒரு நிமிஷம் நூரிஸுக்கு நம்பிக்கை வந்தது.

"வேணாம்மா," என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். "நம்ம புள்ளம்மா இவன். பேரில்லாம அனுப்பாதே."

வாசலில் ஜீப் நின்றது. சபினோ ஓடினான். தொமாசா மகளின் கையை விலக்கினாள்.

"செத்ததை எழுப்ப எனக்குத் தெம்பில்ல," என்றாள் தணிந்த குரலில். "ஒண்ணாவது மேல போகட்டும். பாவம் என் தலையில விழட்டும். ஃபெர்மினா, ஆரம்பி."

எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வயதாகிவிட்டது, தொப்பை போட்டிருந்தது. மலர்வளையத்தின் நாடாவில் லியோன்சியோ என்று தங்க எழுத்தில் இருந்தது. ஃபெர்மினா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். அறையில் நின்ற எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். கரும்பு வெட்டியவர்கள், கூட எறிந்த பையன்கள், பக்கத்து வீட்டுக்காரிகள், ஒருவர்கூட மிச்சமில்லை. தொமாசா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"லியோன்சியோ! என்னைப் பெத்த ராசா லியோன்சியோ!"

ஒரு தடவைகூட நாக்குப் பிசகவில்லை. நூரிஸ் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூடியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். நூரிஸ் நடுவில் புகுந்து, பெட்டிக்குள் குனிந்து, கையுறையைப் பிடித்து இழுத்தாள். விறைத்த விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக் கழற்றினாள். அந்தக் கையை எடுத்து நெஞ்சின்மேல் வலது கைக்கு மேலாக வைத்தாள்.

"என்ன பண்ற?" என்று சபினோ காதருகே சீறினான். "அண்ணனைக் கெடுக்கவா?"

எவரிஸ்தோ எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு விரல் நுனிகளில் அவர் பார்வை நின்றது. ஆயுள் முழுக்கப் பையன்களின் கையையே பார்த்துப் பிழைத்தவர்.

"இந்தப் பையன் இடக்கையனா?" என்றார்.

வெளியே டோமினோ கட்டைகளின் சத்தம் நின்றது. நூரிஸ் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும். அமெரிக்காவில் ஒருவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிடுவான். இங்கே ஒருவன் தன் பெயரோடு மண்ணுக்குப் போவான். அம்மா அவளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. பார்த்துவிட்டு எவரிஸ்தோவிடம் திரும்பினாள்.

"இல்லீங்க ஐயா. என் பையன் வலக்கைதான். வீட்டுல இடக்கைன்னு யாருமே கிடையாது."

நூரிஸின் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூடியை அறைந்தார்கள்.

கல்லறைச் சிலுவையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. லியோன்சியோ. பிள்ளைகள் தொட்டுவிடாமல் ஒருவன் காவல் நின்றான். மண் தள்ளி முடிவதற்குள்ளேயே சபினோ எவரிஸ்தோவின் பக்கத்தில் போய்விட்டான். "வந்ததே வந்துட்டீங்க, மூணு பையனுங்க இருக்கானுங்க சார். பதினாறுதான். ஒரு அரை மணி நேரம் பார்த்துட்டுப் போங்க."

நூரிஸ் கடைசியாகத் திரும்பினாள். கையுறை அவள் கையில்தான் இருந்தது. மைதானத்தின் குறுக்கே நடந்தாள். காலையில் பெய்த மழையில் மேடு ஊறிக் கிடந்தது. வலக்கைக்காரர்கள் எல்லோருக்கும் பந்தை விடும்போது இடது கால் விழுகிற இடத்தில் ஒரு பள்ளம், அகலமாக. அதற்குப் பக்கத்தில், ஒருவனின் வலது கால் மட்டுமே விழுந்து விழுந்து தோண்டிய குழி. அதில் தண்ணீர் நின்றது.

சபினோ சாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, வாரியால் மேட்டைச் சமன் செய்துகொண்டிருந்தான். பெரிய பள்ளத்தை நிரவி, காலால் மிதித்தான். வேலியோரம் எவரிஸ்தோ முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பையன்கள் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

சபினோ மண்ணை அள்ளி அடுத்த குழிக்கு வந்தான்.

நூரிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினாள். வலது காலைக் குழிக்குள் வைத்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. குழி அவள் பாதத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நகரு நூரிஸ்," என்றான் சபினோ. "குழி இருந்தா பையனுக்குக் கால் மடங்கிடும்."

அவள் எதிரே இருந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சபினோ கையில் வாரியோடு காத்திருந்தான்.