முதுமை எய்திய பளிங்கு

ஓக்கு மரங்கள் செந்நிறம் பூண்டு இலையுதிர்க்க, தன்யூபு ஆறு பனிமூட்டத்தைப் போர்த்துக்கொண்டு ஓசையின்றி ஒழுக, குன்றின் உச்சியில் வெண்தூண்கள் நிமிர்ந்து நிற்கக் கதிரவன் கண்விழித்த கூதிர்க்காலக் காலை அது. அத்தூண்களுக்குப் பின்னே செர்மானிய மண்ணின் வேந்தரும் பாவலரும் மறவரும் பளிங்குத் தலைகளாய் அணிவகுத்திருக்கும் வால்கல்லா மண்டபம், தன் பெருமையைத் தானே வியந்துகொண்டிருந்தது. கற்றறிந்த அன்பரே, புகழுடையார்க்கு இறப்பில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். மகனை இழந்த தாய் எவளும் அவ்வாறு சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று கல்லறைத் திருநாள். ஊரார் எல்லாரும் விளக்கேந்தித் தத்தம் உறவினர் கல்லறைகளை நாடிச் செல்ல, சிற்பி கோர்பினியானின் மனைவி கிரெசென்சு மட்டும் குன்றேறினாள். அவளுடைய ஒரே மகன் அல்பானை ஆறு கொண்டுபோயிற்று. உடலைத் திருப்பித் தரவில்லை. விளக்கேற்றக் கல்லறையும் இல்லை, பார்த்து அழ ஓவியமும் இல்லை.

முகம் இன்னதென்று அறியப்படாத முன்னோர்க்குப் பெயர் பொறித்த பலகை மட்டுமே. பளிங்குத் தலை கிடையாது. இது அம்மண்டபத்தின் மாறா முறை. மகனை இழந்த கோர்பினியானோ, தொல்குடித் தலைவன் ஒருவனின் முகத்தைப் பாழடைந்த மடத்துச் சுவரோவியத்தில் கண்டதாகத் துணிந்து பொய் சொல்லி, மண்டபத்துக்கென அரசர் தந்த பளிங்கில் தன் மகனையே செதுக்கிவிட்டான். இவ்வளவு இளையவனா தலைவன் என்று ஐயுற்றோரிடம், இளமையிலேயே வென்றவன் என்று கூசாமல் விடையிறுத்தான். அம்முகத்தின் உண்மை அறிந்தோர் உலகில் இருவரே.

கிரெசென்சு பளிங்குத் தலையின் முன் விளக்கேற்றி, முகத்தைத் தடவித் தடவி அழுதாள். காவலர் நகைத்தபடி நெருங்கினார்.

"ஏம்மா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவருக்கு இன்னுமா அழுது முடியல?"

"எனக்கு நாலு வருஷந்தாங்க ஆச்சு. இது என் பையன் அல்பான்."

நுணலும் தன் வாயாற் கெடும் என்பர். அவளோ வாயாற் கெடவில்லை. நான்காண்டு அடக்கிவைத்த தாய்மையாற் கெட்டாள்.

காவலர் சொல்லக் கேட்ட மண்டப மேலாளர் கொடியவர் அல்லர். சிற்பியைச் சிறைக்கு அனுப்பாமல், பொய்த்தலையை இறக்கித் தலைவனின் பெயர்ப்பலகையைப் பதிக்கச் செய்தார். ஆயினும் அரசரின் பளிங்கு வீணாகலாகாது என்றும், அதனையே குறைத்துச் செதுக்கி, கன்னம் ஒட்டிய முதிய வானியல் அறிஞர் ஒருவரின் தலையாக்கித் தரவேண்டும் என்றும் ஆணையிட்டார். கல்லுக்கு ஈடு தருவதாகக் கோர்பினியான் மன்றாடியும் பயனில்லை.

வண்டியில் வந்திறங்கிய மகனைப் பட்டறையின் நடுவே நிறுத்திவிட்டு, உளியைக் கையிலெடுக்கவும் மாட்டாமல் அவன் நெடுநேரம் நின்றான். கிரெசென்சுதான் முக்காலியை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்தாள்.

"கண்ணைக் கடைசியா வச்சுக்கோங்க," என்றாள்.

முதலில் அடர்ந்த சுருள்முடி உதிர்ந்தது. நெற்றி ஏறிற்று. உணவுக்கும் எழாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாட்கள் செல்லச் செல்ல, திரண்ட கன்னங்கள் குழிந்து, வாயோரம் கோடுகள் விழுந்து, கழுத்து நரம்பு புடைத்து, பத்தொன்பது வயதில் நின்றுபோன மகன் தந்தையின் உளிக்கீழே மெல்ல மெல்ல மூப்படைந்தான். இறுதியில் எஞ்சியவை கண்கள் இரண்டுமே. அவற்றின் கீழ் உளியை வைத்த கோர்பினியான், அதை மீண்டும் எடுத்துவிட்டு மனைவியை நோக்கினான்.

அவள் எழுந்து வந்து, அம்முதிய முகத்தை இரு கைகளாலும் ஏந்தினாள்.

"ஏங்க, நம்ம அல்பான் கிழவனாயிட்டான்," என்றாள். "இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பான். அதைப் பார்க்க நாம இருந்திருக்க மாட்டோம்."

பின்பு அவள் கையெடுத்து விலகி நிற்க, அவன் கண்களையும் செதுக்கி முடித்தான்.

அவ்வறிஞரின் தலை இன்றும் மண்டபத்தில் உள்ளது. வருவோர் அவரது அறிவின் ஆழம் முகத்திலேயே தெரிகிறதென்று போற்றிச் செல்கின்றனர். பெற்றவர் இருவரும் அதன்பின் குன்றேறவில்லை. புகழுக்கு இந்நாடு எத்தனை மண்டபம் எடுத்தாலென்ன, அன்பரே? ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் முகம் போனது போனதுதான்.