எண்பத்தெட்டாம் இதழ்

எண்பத்தேழு இருந்தது. எண்பத்தொன்பதும் இருந்தது. எண்பத்தெட்டை மட்டும் காணோம். நாற்காலி மேல் ஏறி நின்று அலமாரியின் மேல்தட்டை மூன்றாவது முறையாகக் கலைத்துக்கொண்டிருந்தாள் அவள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மணி மூன்று ஆகிவிட்டது. நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும்.

அறை வாசலில் அத்தை வந்து நின்றாள். அப்பாவுக்கு மூத்தவள். அப்பன் போன அன்றைக்குப் பொம்மைப் புத்தகம் அடுக்குகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பிறகு காலையிலிருந்து கேட்டதையே திரும்பவும் கேட்டாள்.

“கடைசியில பக்கத்துல யாருதான் இருந்தீங்க?”

“அம்மாதான்,” என்றாள் இவள், திரும்பாமலே.

அம்மாவைக் கேட்டால் ‘அமைதியாப் போயிட்டாரு’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் தன் தம்பி போயிருக்கக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்த்தார். ஆனால் அவர் வாழ்ந்தது ‘சாம்பல் கழுகு’ என்ற படக்கதை மாத இதழின் கேள்விப்பெட்டிப் பக்கத்தில்தான். இருபத்தாறு வருஷம். கழுகின் முகமூடியில் எத்தனை தையல், இடது இறக்கை முதன்முதலில் எந்தச் சண்டையில் முறிந்தது, கழுகின் அக்கா மகளுக்கு எந்த வயதில் பறக்க வந்தது என்று எங்கெங்கிருந்தோ வாசகர்கள் கார்டு போடுவார்கள். புத்தகத்தைத் திறக்காமலே இதழ் எண், பக்க எண்ணோடு பதில் எழுதுவார். தவறு நேர்ந்தால் அடுத்த மாதம் கட்டம் கட்டி ‘பிழை என்னுடையது’ என்று போட்டுவிடுவார். மொத்தம் நான்கே முறை. அந்த நான்கு முறையும் ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் ரேடியோ போடவில்லை.

வீட்டுக் கேள்விகளுக்கு மட்டும் பதில் கிடையாது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டபோதுகூடச் சுவரைப் பார்த்தார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு இவளைக் கூப்பிட்டார். “எண்பத்தெட்டு எடுத்துட்டு வாயேன்.”

மூன்று வாரமாக அந்தக் கட்டிலைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தவள். மாத்திரை டப்பா கையில், கஞ்சி அடுப்பில். சுள்ளென்று வந்துவிட்டது. “இப்ப அந்தக் கழுகு ரொம்ப முக்கியமாப்பா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மெதுவாவே தேடு. அவசரமில்ல,” என்றார்.

கால்மணி நேரம் தேடிவிட்டு, இல்லை என்று சொல்ல வெறுங்கையோடு வந்தாள். அம்மா கட்டிலருகே நின்றிருந்தாள். கையில் அவருடைய நீலச் சட்டை தொங்கியது. எல்லாம் முடிந்திருந்தது.

அதிலிருந்து இவளுக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் தன் குரலே காதில் கேட்கும் போலிருந்தது. அப்பாவிடம் கடைசியாகப் பேசியது ஒரு எரிச்சல். நான்கு மணிக்குள் அந்த இதழைக் கண்டுபிடித்து அவர் கையருகே வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது. கட்டிலுக்கடியில் பார்த்தாள், பரணில் பார்த்தாள், லிஃப்ட் சாமான் பையைக் கவிழ்த்தாள். ஸ்பேனர்தான் விழுந்தது.

முன்னறைக்கு யாரோ இவளைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனாள். போகிற போக்கில் அப்பாவைப் பார்த்தாள். நீலச் சட்டைதான் போட்டிருந்தார்கள். சட்டையின் வலது கை கத்தி மாதிரி மடிப்போடு இருந்தது. இடது கை கசங்கிக் கிடந்தது. கைக்குட்டையைக்கூடத் தேய்த்து மடிக்கிற அம்மா இதை எப்படி விட்டாள் என்று தோன்றியது. கேட்க நேரமில்லை.

வாசலில் ரொட்டிக் கடை வண்டி ஓட்டுகிற உடுப்போடு ஒரு நெட்டை மனிதர். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைக் கசக்கிக்கொண்டே, “நான்தாங்க முள்,” என்றார்.

இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. முள்! அந்தப் பெயரில் பதினெட்டு வருஷமாகக் கார்டு போட்டு அப்பாவைக் குத்திக்கொண்டிருந்தவர். அந்த நான்கு பிழைகளில் மூன்றைப் பிடித்தவர் இவர்தான். மீசையும் முறைப்புமாக ஒருவரை இவள் கற்பனை செய்திருந்தாள். இவரோ நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்பட்டார்.

உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்தார். பிறகு இவளைத் தனியே அழைத்தார்.

“பத்திரிகை ஆபீஸ்ல சொல்லித்தான் ஓடி வந்தேன். உடம்பு சரியில்லைன்னு தெரியாதும்மா. போன வாரம்கூட ஒரு கார்டு போட்டேன். அதை நெனச்சு நெனச்சுத்தான் அவருக்கு இப்படி ஆயிடுச்சோன்னு…”

அப்படியெல்லாம் இல்லை, மூன்று மாதம் முன்பே டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று இவள் சொன்னாள். அப்படி என்ன கேட்டீர்கள் என்றும் கேட்டாள்.

“சாம்பல் கழுகு ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லைன்னு எழுதியிருந்தாரு. நல்லா யோசிங்கன்னு போட்டேன். அவ்வளவுதான்.”

கார்டு எங்கே என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல், “தலையணைக்கடியில என்னமோ இருந்துச்சு. படுக்கையை மடிக்கறப்ப எடுத்து பீரோல வெச்சேன்,” என்றாள்.

பீரோவில் இருந்தது எண்பத்தெட்டாம் இதழ். அதற்குள் கார்டு.

இவள் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை முழுவதும் அவர் தலைக்கடியிலேயே இருந்திருக்கிறது. கார்டின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து. எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் எண்கள் திருத்தமாக இருந்தன. ‘ஒரே ஒரு முறை. இதழ் 88, பக்கம் 14. பிழை என்னுடையது.’ நேற்றைய தேதி.

பதினான்காம் பக்கத்தைத் திருப்பினாள். எரிகிற ஆலைக்குள் உத்தரம் விழுந்து கழுகு நசுங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் அக்கா மகள். ‘ஓடு, கீழே போய்க் கயிறு கொண்டுவா’ என்கிறது. அவள் ஓடுகிறாள். கடைசிக் கட்டத்தில், அதன் மேலங்கிக்குள் சுருட்டிவைத்த கயிற்றைச் சின்னதாக வரைந்திருந்தார்கள். அவளைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். பதினாறாம் பக்கத்தில் கழுகு எழுந்து பறந்துவிட்டது. கதைப்புத்தகம்தானே, பறக்கும்.

முன்னறைக்கு வந்து அம்மா பக்கத்தில் குந்தினாள். அன்றைக்கு முதல்தடவையாக உட்கார்ந்தாள்.

“நான் புத்தகம் தேடப் போனப்ப நீ இங்கதானேம்மா இருந்தே?”

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு பயம்.

“நீலச் சட்டையைத் தேய்ச்சுட்டு வான்னாரு. எங்க கிளம்பறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. ஒரு கைதான் தேய்ச்சேன். என்னவோ பண்ணுச்சு, சட்டையோட அப்படியே ஓடி வந்தேன்.” மூச்சு விட்டாள். “நீ இருப்பேன்னு நெனச்சேன்டி.”

காலையிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவளுக்கு முதலில் வந்தது கோபம். முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பக்க எண்ணோடு உண்மை சொன்ன மனிதர், வீட்டில் இருந்த இரண்டு பேரையும் ஏமாற்றி அனுப்பிவிட்டாரே. இதழை அம்மா மடியில் வைத்தாள். தலையணைக்கடியில் இருந்தது இதுதான், இதைத்தான் என்னைத் தேடச் சொன்னார் என்றாள். அம்மா அட்டைப்படத்தைப் பார்த்தாள். மெல்லப் புரிந்தது. “பாவி மனுஷன்,” என்றாள், கொஞ்சுகிற குரலில். அதைக் கேட்டதும் இவளுக்குக் கோபம் கரைந்துவிட்டது. அழுகை வந்துவிட்டது.

கார்டைக் கொண்டுபோய் முள்ளிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“பக்கம் பதினாலு. கரெக்ட்டா சொல்லிட்டாரு,” என்றார். கார்டைத் தொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தத் தொப்பியை அவர் கசக்கவில்லை.

தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்தார்கள். அத்தை அவசரமாக வந்து தம்பியின் காலைத் தொட்டாள். இனிமேல் கேட்க முடியாது என்பது போல இருவரையும் பார்த்தாள்.

“சொல்லுங்கடி. தனியாவா போனான்?”

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் இவள் பேசினாள்.

“இல்ல அத்தை. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்தோம்.”

அத்தை தலையாட்டினாள், பல தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டாள். இவள் எண்பத்தெட்டாம் இதழை அப்பாவின் இடது கைக்கடியில் செருகினாள். அம்மா மறுபக்கத்திலிருந்து கையை நீட்டி, கசங்கிய சட்டைக் கையை உள்ளங்கையால் தேய்த்தாள். மடிப்பு விழவில்லை. வண்டி வாசலில் நின்ற பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.